நஞ்சுக்கொடி என்னும் காவல்: குறைமாதக் குழந்தைக்கு அந்த ஊசி ஏன்?

எங்கள் மகப்பேறு வார்டின் வாசலில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. ஏழாம் மாத முடிவிலோ எட்டாம் மாதத் தொடக்கத்திலோ வலி கண்டு, வெள்ளிமலைப் பக்கமிருந்தோ கரியாலூர்ப் பக்கமிருந்தோ ஒரு பெண்ணை மலையிறக்கிக் கொண்டுவருகிறார்கள். கோமுகி அணையைக் கடந்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் உடன் வந்தவர்களின் முகத்தில் அச்சம் படிந்துவிடுகிறது. பரிசோதித்த மருத்துவர், “குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடலாம், ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும்” என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமியாரோ தாயாரோ செவிலியரைத் தனியே அழைத்துக் கேட்பார்: “ஸ்டீராய்டுன்னா ஒடம்பு ஊதிப்போயிடும்னு சொல்றாங்களே நர்ஸம்மா. வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?”

இது நியாயமான கேள்வி. கையெழுத்துக் கேட்கும் அவசரத்தில் இதற்கு முழு விடை சொல்ல இயலாது. ஆனால் விடை தெரியாததால் தயங்கும் சில மணி நேரம், பிறக்கப்போகும் குழந்தையின் மூச்சையே பாதிக்கக்கூடும். ஆகவே அந்த விடையை ஆற அமர இங்கே எழுதுகிறோம். கர்ப்பிணிகளும், அவர்களோடு துணைக்கு வருபவர்களும் இதை ஓய்வாக இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கார்டிசால்: எதிரியா, நண்பனா?

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதற்கு அட்ரினல் சுரப்பி என்று பெயர். அது சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோனையே ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று பலரும் அழைக்கின்றனர். அச்சம், நோய், பட்டினி, காயம் ஆகிய வேளைகளில் அது மிகுதியாகச் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, உடலை இடரிலிருந்து மீட்கிறது. அழுத்தம் ஏதுமில்லாத நாளிலும் விடியற்காலையில் அது உயர்ந்து நம்மை எழுப்பிவிடுகிறது. கார்டிசால் இன்றி எவராலும் உயிர் வாழ இயலாது.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் கார்டிசாலின் அளவு படிப்படியாக ஏறி, இறுதி மாதங்களில் வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. இது இயல்பே; நோயன்று. எனினும் அவ்வளவு கார்டிசாலும் கருவிலுள்ள குழந்தையைச் சென்றடைந்தால் தீங்கு நேரும். ஏனெனில் கார்டிசாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. வளரும் திசுவை நோக்கி, “வளர்ந்தது போதும், முதிர்ச்சி அடை” என்று அது ஆணையிடுகிறது. அவ்வாணை உரிய காலத்தில் வந்தால் நன்மை. ஐந்தாம் மாதத்திலேயே வந்துவிட்டால், உயிரணுக்கள் பெருகிக்கொண்டிருக்கும் வேளையில் வளர்ச்சி தடைப்படும். குழந்தை எடை குறைந்து பிறக்க நேரும்.

அப்படியானால் தாயின் உடலில் ஓடும் இவ்வளவு கார்டிசாலிலிருந்து குழந்தையைக் காப்பது யார்?

வாயிலில் நிற்கும் நொதி

அந்தக் காவல் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. குழந்தை பிறந்தபின் வெளியேறும் வெறும் சதைப்பிண்டம் என்று நாம் எண்ணும் அந்த நஞ்சு, ஒன்பது மாதமும் ஓயாமல் வேலை செய்த ஓர் உறுப்பு. தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரண்டிற்கும் இடையே மெல்லிய திசுப் படலம் ஒன்று இருக்கிறது. உணவும் உயிர்வளியும் அப்படலத்தின் வழியே உட்செல்கின்றன, கழிவு வெளியேறுகிறது. அப்படலத்திலேதான் நாம் பேசவந்த நொதி நிறைந்திருக்கிறது.

நொதி என்பது உடலில் ஒரு வேதிப்பொருளை வேறொன்றாக மாற்றும் புரதம். நஞ்சுக்கொடியிலுள்ள இந்நொதியின் முழுப்பெயர் நீளமானது: இரண்டாம் வகை 11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ். இக்கட்டுரையில் இதனை ‘அடக்கும் நொதி’ என்றே அழைப்போம். ஏனெனில் இது கார்டிசாலைப் பிடித்து, கார்டிசோன் என்னும் செயலற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. கார்டிசோன் குழந்தையின் உடலுக்குள் நுழைந்தாலும், முதிர்ச்சி ஆணையை அதனால் பிறப்பிக்க இயலாது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடியை வந்தடையும் கார்டிசாலின் பெரும்பகுதி இவ்வாறு வாயிலிலேயே அடங்கிவிடுகிறது. இதனால் குழந்தையின் இரத்தத்தில் கார்டிசால் தாயின் அளவில் ஒரு சிறு பங்காகவே நிற்கிறது. கருவின் மூளைத் திசுவிலும் கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை இந்நொதி மிகுதியாக இருந்து இரண்டாம் காவலாக நிற்கிறது.

இதில் தாய்மார்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கர்ப்ப காலத்தில் ஒருநாள் அழுதேன், வீட்டில் சண்டை வந்தது, பயந்துவிட்டேன், அதனால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று தம்மையே நொந்துகொள்ளும் பெண்களை நாங்கள் காண்கிறோம். அன்றாட வாழ்வின் அலைக்கழிப்பைத் தாங்குவதற்கென்றே இயற்கை இக்காவலை அமைத்திருக்கிறது. ஒரு நாள் கண்ணீருக்காக எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. சுற்றியிருப்போரும் அப்பழியை அவள்மேல் சுமத்தலாகாது.

குழந்தை தானே சுரக்கத் தொடங்கும் காலம்

காவல் எப்போதும் ஒரேபோல் இருப்பதில்லை. பேறுகாலம் நெருங்கும்போது முதிர்ச்சி ஆணை தேவைப்படுகிறது. நுரையீரல் காற்றை ஏற்கவும், ஈரல் சர்க்கரையைச் சேமிக்கவும், குடல் பாலைச் செரிக்கவும் ஆயத்தமாக வேண்டும். அதற்கான கார்டிசாலைக் கடைசி மூன்று மாதங்களில் குழந்தையே தயாரிக்கத் தொடங்குகிறது.

கருவின் அட்ரினல் சுரப்பி வியப்பூட்டுவது. உடலின் அளவோடு ஒப்பிட்டால், பெரியவர்களிடம் இருப்பதைவிட அது பன்மடங்கு பெரியது. கர்ப்பத்தின் பெரும்பகுதிக் காலம் அதன் உட்பகுதியில் கார்டிசாலைத் தயாரிக்கும் நொதிகளுள் ஒன்று மிகக் குறைவாகவே இருக்கும். எனவே அப்பகுதி வேறொரு மூலப்பொருளைச் சுரந்து நஞ்சுக்கொடிக்கு அனுப்புகிறது. நஞ்சுக்கொடி அதைக் கொண்டு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஆக்குகிறது. நஞ்சுக்கொடியிடம் இல்லாத நொதி குழந்தையிடம் இருக்கிறது. குழந்தையிடம் குறைந்த நொதி நஞ்சுக்கொடியிடம் இருக்கிறது. இரண்டு வீட்டார் ஓர் அடுப்பில் சமைப்பதுபோல இருவரும் சேர்ந்தே இந்த ஹார்மோன்களை ஆக்குகின்றனர்.

இங்கே இன்னொரு நொதியும் வருகிறது. அது முன்னதன் உடன்பிறப்பு. முதல் வகை 11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ். இதனை ‘எழுப்பும் நொதி’ எனலாம். அடங்கிக் கிடக்கும் கார்டிசோனை மீண்டும் கார்டிசாலாக எழுப்புவது இதன் பணி. கருவைச் சூழ்ந்த பனிக்குடச் சவ்வில் பேறுகாலம் நெருங்க நெருங்க இதன் செயல் கூடுகிறது. ஈரல், நுரையீரல் போன்ற திசுக்களிலும் இது காணப்படுகிறது. இந்நொதி இல்லாமல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எலிக் கருக்களின் நுரையீரல் போதிய முதிர்ச்சி அடையவில்லை என்பதை ஆய்வாளர் கண்டனர். ஆகவே ஒரு திசுவில் கார்டிசாலின் செயல், இரத்தத்தில் ஓடும் அளவை மட்டும் பொறுத்ததன்று. அத்திசுவிலே அடக்கும் நொதி மிகுந்திருக்கிறதா, எழுப்பும் நொதி மிகுந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

நிறைமாதக் குழந்தை இவ்வளவு ஆயத்தங்களையும் முடித்துக்கொண்டு பிறக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

ஆட்டுக்குட்டி காட்டிய வழி

நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் உட்சுவரில் சர்ஃபாக்டண்ட் என்னும் வழுவழுப்பான பொருள் பூசப்பட்டிருக்க வேண்டும். கார்டிசாலின் ஆணையால் அது போதிய அளவு சுரக்கிறது. அது போதாத குழந்தை ஒவ்வொரு மூச்சையும் போராடி இழுக்கும். சில மணி நேரத்தில் களைத்துவிடும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, ஏறத்தாழ 2.1 கிலோ எடையுடன் பிறந்து, இரண்டு நாள்கூட முடிவதற்குள் இந்த நோயால் இறந்தான். ஒரு நாட்டின் அதிபரிடமிருந்த செல்வமும் செல்வாக்கும் அன்று அக்குழந்தைக்கு உதவவில்லை.

அதே பத்தாண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மான்ட் லிகின்ஸ் என்னும் மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்பதை ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டி ஒன்று மிக முன்னதாகப் பிறந்தது. அந்த வயதில் அதன் நுரையீரல் காற்றை ஏற்கவே கூடாது. ஆனால் அக்குட்டி மூச்சுவிட்டது. லிகின்ஸ் அதைக் கவனிக்கத் தவறவில்லை. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பேற்று ஆபத்திலிருந்த 282 தாய்மார்களிடம் அவர் ஆய்வு நடத்தினார். முடிவு 1972இல் வெளியாயிற்று. மூச்சுத்திணறல் நோய், ஊசி பெறாதோரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு வந்தது. ஊசி பெற்றோரின் குழந்தைகளில் 9 பேருக்கே வந்தது.

அக்குழந்தைகள் வளர்ந்து முப்பது வயதை எட்டியபோது அவர்களைத் தேடிச் சென்று மீண்டும் பரிசோதித்தனர். இன்சுலின் செயலில் சிறு வேறுபாடு தென்பட்டது. ஆனால் இரத்த அழுத்தத்திலோ, நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றிலோ இரு சாராருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

எல்லா ஸ்டீராய்டும் ஒன்றல்ல

இப்போது வாசலில் கேட்ட வினாவுக்கு வருவோம். தாய்க்கு எந்த ஸ்டீராய்டு கொடுத்தாலும் குழந்தையின் நுரையீரல் முதிருமா? முதிராது. காரணம், நாம் மேலே கண்ட அதே அடக்கும் நொதி.

பிரெட்னிசோலோன் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்துமா, மூட்டுவாதம், லூபஸ் ஆகியவற்றுக்காக இதை உட்கொள்ளும் கர்ப்பிணிகள் பலர். நஞ்சுக்கொடியின் நொதி இதையும் கார்டிசாலைப்போலவே பிடித்து அடக்கிவிடுகிறது. தாயின் இரத்தத்திலுள்ள அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே குழந்தையைச் சென்றடைகிறது. எனவேதான் தாயின் நோய்க்கு இம்மருந்தை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். குழந்தைக்கு ஆகாது என்று அஞ்சி இம்மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு, மூச்சிரைப்போடும் மயக்கத்தோடும் வருவோர் உண்டு. அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. மருத்துவரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஆகிய இரு மருந்துகளின் அமைப்பு வேறு. அவற்றில் ஒரு புளூரின் அணு சேர்ந்திருப்பதால் அடக்கும் நொதியால் அவற்றை எளிதில் பிடிக்க முடிவதில்லை. காவலைத் தாண்டி அவை குழந்தையை அடைந்து, அதன் உடல் இன்னும் சுரக்காத கார்டிசாலுக்கு மாற்றாக நின்று, நுரையீரலை ஆயத்தப்படுத்துகின்றன. ஆகவே தாயின் நோய்க்கு ஒரு ஸ்டீராய்டு, குழந்தையின் நுரையீரலுக்கு வேறொரு ஸ்டீராய்டு. இரண்டையும் பிரித்து வைப்பது அந்த ஒற்றை நொதிதான்.

உடல் ஊதிப்போகும் என்னும் அச்சம், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உட்கொள்வோரைப் பார்த்து எழுந்தது. இங்கே தருவது நான்கே ஊசிகள். ஒவ்வொன்றும் 6 மில்லிகிராம். பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒன்று. ஒன்றரை நாளில் முடிந்துவிடும். தாயின் இரத்தச் சர்க்கரை சில நாள்களுக்கு உயரலாம் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

ஊசி மட்டும் போதுமா?

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டிய இடம் இது. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளை உள்ளடக்கி ஆறு நாடுகளில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவு 2015இல் அச்சேறியது. இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் அதில் இடம்பெற்றன. கிராமப்புறங்களில் இவ்வூசியைப் பரவலாக்கியபோது பச்சிளங்குழந்தை இறப்பு மொத்தத்தில் குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது. தாய்மார்களிடம் நோய்த்தொற்று ஐயமும் அதிகரித்தது. ஊசி பெற்றோரில் பலருக்குக் குறைப்பேறே நிகழவில்லை. கர்ப்ப வாரக் கணக்கும் பல இடங்களில் துல்லியமாக இல்லை.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தியது. இம்முறை வாரக் கணக்கு ஸ்கேன் மூலம் உறுதி செய்யப்பட்டது. குழந்தைகளைப் பராமரிக்கும் வசதியும் இருந்தது. 2,852 தாய்மார்கள் பங்கேற்ற அவ்வாய்வின் முடிவு 2020இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளின் இறப்பு, ஊசி பெறாதோரில் நூற்றுக்கு 23.5 ஆகவும், பெற்றோரில் 19.6 ஆகவும் இருந்தது. அதாவது, 25 தாய்மார்களுக்கு இந்த ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது.

அதே 2020இல் பின்லாந்தில் 6.7 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இவ்வூசி பெற்றபின் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் மனநல, நடத்தைச் சிக்கல்கள் சற்று மிகுந்திருப்பதைக் கண்டனர். நொதி கட்டிய காவலைக் காரணமின்றித் தாண்டலாகாது என்பதே இதன் பாடம். ஆகையால்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இவ்வூசியை நாங்கள் போடுவதில்லை. குழந்தை சில நாள்களுக்குள் முன்கூட்டியே பிறக்கும் என்று கருதும் தாய்க்கு மட்டும், பொதுவாக 24 முதல் 34 வாரத்திற்குள், தொற்று இல்லை என்று பார்த்த பிறகே தருகிறோம். கடைத்தெருவில் யாரேனும் சொன்னார்கள் என்பதற்காக இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மலைப்பாதையும் மணிக்கணக்கும்

முதல் ஊசிக்குப் பின் ஒரு நாள் கழிந்தால்தான் முழுப் பயன் கிட்டும். ஒரு வாரம் வரை அது வலுவாக இருக்கும். அதற்குள் பிறந்துவிட்டாலும் ஓரளவு நன்மை உண்டு. எனவே நேரமே இங்கே மருந்து. வலி தொடங்கி ஆறு மணி நேரம் வீட்டிலேயே பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தால், ஊசி செயல்பட வேண்டிய ஆறு மணி நேரத்தை இழந்துவிடுகிறோம்.

இதை உணர்ந்தே 2014இல் வெளியிடப்பட்ட இந்திய அரசின் வழிகாட்டுதல், குறைப்பேற்று வலியோடு வரும் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்னரே முதல் ஊசியைத் துணை செவிலியர் போடலாம் என்று இசைவளித்தது. மலையிலுள்ள சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட்டிருந்தால், அதன் நேரம் குறித்த சீட்டை மறவாமல் கொண்டுவாருங்கள். அடுத்த ஊசியின் நேரத்தை அதைக் கொண்டே நாங்கள் கணக்கிடுகிறோம்.

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இன்று அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது; 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்துவைக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. மலைப்பகுதிகளில் பேறுகாலக் காத்திருப்பு அறைகளையும் தமிழ்நாடு அரசு ஏற்படுத்தியிருக்கிறது. முந்தைய பேறு குறைமாதத்தில் நிகழ்ந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோர் நாள் நெருங்கும் முன்பே இறங்கி வந்து தங்குவதைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி மாதவிலக்குத் தேதியை மறவாமல் குறித்து வைப்பதும், முதல் மூன்று மாதங்களுக்குள் பதிவு செய்து ஸ்கேன் எடுத்துக்கொள்வதும் மிக முக்கியம். “சாமை அறுப்புக்கு முன்னாடி நின்னுபோச்சு” என்னும் கணக்கை வைத்து 33 வாரமா, 36 வாரமா என்று எங்களால் பிரித்தறிய இயலாது. ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பது அந்த மூன்று வார வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

அதிமதுரம்: ஓர் எச்சரிக்கை

தொண்டை கரகரத்தால் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வதும், கஷாயத்தில் சேர்ப்பதும் நம் வீடுகளின் வழக்கம். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்னும் பொருள், உடலில் நாம் பேசிவந்த அடக்கும் நொதியையே முடக்கிவிடுகிறது. பெரியவர்களிடம் இதனால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கர்ப்பிணியிடமோ குழந்தையின் வாயில் காவலே தளர்ந்துவிடும்.

பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் விரும்பி உண்ணப்படுகிறது. அங்கே கர்ப்ப காலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அறிவுத்திறன் தேர்வுகளில் அவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தது தெரியவந்தது. அதிமதுரமே காரணம் என்று இது முற்றாக நிறுவிவிடவில்லை. ஆயினும் அந்நாட்டுச் சுகாதார அமைப்பு 2016இல் கர்ப்பிணிகள் அதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. எப்போதோ ஒருமுறை உண்டவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பம் உறுதியானபின் தொடர்ந்து உண்ண வேண்டாம் என்றே நாங்களும் சொல்கிறோம். இருமலுக்கு வாங்கும் சூரணத்திலும் மருந்திலும் அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

காவலை வலுவாக வைப்பது உணவும் கூட. கருவுற்ற எலிகளுக்குப் புரதம் குறைந்த உணவைத் தந்தபோது நஞ்சுக்கொடியில் இந்நொதியின் செயல் குறைந்தது. குட்டிகளுக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் உயர்ந்தது. மரவள்ளிக்கிழங்கு பசியாற்றும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. சாமையும் தினையும் நம் மலையில் விளையும் நல்ல தானியங்கள். அவற்றோடு பருப்பு, முட்டை, கீரை ஆகியவற்றையும் அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் கர்ப்பிணிக்கென்று ஒதுக்கி வையுங்கள். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அவள் உண்ணும் வழக்கம் மாற வேண்டும்.

நொதி குறைந்து பிறக்கும் குழந்தை

கார்டிசாலைத் தயாரிக்கும் நொதியே பிறவியில் குறைந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. இதனைப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்பர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்ததில் 5,762 பேருக்கு ஒருவரிடம் இந்நோய் இருந்தது; சென்னையில் அது ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒருவராக இருந்தது. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுக் குறையால் வருவதால், நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி.

பிறந்த முதல் மூன்று வாரங்களில் குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ, பிறப்புறுப்பைக் கண்டு ஆணா பெண்ணா என்ற ஐயம் எழுந்தாலோ, “சீர் தட்டியிருக்கு” என்று காத்திராமல் உடனே கொண்டுவாருங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. கண்டறிந்துவிட்டால், குறைந்துள்ள ஹார்மோனை மாத்திரையாகவே தந்து குழந்தையை நலமாக வளர்க்கலாம்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

37 வாரத்துக்கு முன் கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள், இரவென்று பாராதீர்கள்.

- வயிறு விட்டு விட்டு இறுகுவது. அடி முதுகில் விடாத வலி.
- பனிக்குடம் உடைந்து நீர் வடிவது. துளித்துளியாக இருந்தாலும் சரி.
- இரத்தக் கசிவு.
- குழந்தையின் அசைவு குறைவது.
- காய்ச்சல், அல்லது துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல்.

2020இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் உரிய பராமரிப்பால் பிழைத்து வளரக்கூடியவர்கள். ஊசி அதற்கு முதற்படி. தாயின் மார்போடு தோல் ஒட்ட அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பும், தாய்ப்பாலும், பச்சிளங்குழந்தைப் பிரிவின் கவனிப்பும் அடுத்த படிகள்.

நஞ்சுக்கொடியின் காவலைத் தாண்டி நாங்கள் அனுப்பும் இம்மருந்து, குழந்தை தானே சில வாரங்கள் கழித்துச் சுரக்கவிருந்ததற்கு ஈடாக அனுப்பப்படுவது. தேவையின்றி அதை நாங்கள் செய்வதில்லை. தேவையானபோது தயங்கவும் கூடாது. மருத்துவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது உங்கள் மனத்தில் ஐயம் இருந்தால் எங்களைக் கேளுங்கள். “எத்தனை வாரம் என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்? குழந்தை முன்னதாகப் பிறக்கும் என்று எதனால் கருதுகிறீர்கள்? முதல் ஊசியை எத்தனை மணிக்குப் போடுவீர்கள்?” இம்மூன்றும் நல்ல கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்வது எங்கள் கடமை.